ஒரே மாதிரி பத்து கம்ப்யூட்டர், ஒரே மாதிரி பத்து ரிப்பேர்: கெபாசிட்டர் சொன்ன கதை

சாஃப்ட்வேர்ல வேலை பார்க்கிற எல்லாருக்கும் ஹார்டுவேர் மேல ஒரு சின்ன அலட்சியம் இருக்கும். எனக்கும் உண்டு. மெஷின் திடீர்னு ரீஸ்டார்ட் ஆச்சுன்னா முதல்ல டிரைவரைப் பார்ப்போம், அப்புறம் அப்டேட்டைப் பார்ப்போம், கடைசியா விண்டோஸையே திரும்பப் போடுவோம். ரெண்டு நாள் நல்லா ஓடும். மூணாவது நாள் பழைய குருடி கதவைத் திறடின்னு மறுபடியும் ஆரம்பிக்கும்.

ஆபீஸ்ல இது ஒரு மெஷினோட நிக்காது. இந்த வாரம் அக்கவுன்ட்ஸ்ல ஒண்ணு, அடுத்த வாரம் ஹெச்ஆர்ல ஒண்ணு, அதுக்கப்புறம் ரிசப்ஷன்ல ஒண்ணுன்னு போகும். ஒவ்வொரு தடவையும் ஐடி சப்போர்ட் ஆளு வருவாரு, சரி பண்ணுவாரு, டிக்கெட்டை மூடுவாரு. "நீங்க நிறைய டேப் திறக்கிறீங்க"ன்னு நம்மளைச் சொல்லிட்டுப் போவாரு. நாமளும் "இவருக்கு வேலை தெரியல"ன்னு சொல்லுவோம். தப்பு ரெண்டு பேர் மேலயும் இல்லாம இருக்கலாம். அதுக்கு ஆதாரத்தோட ஒரு பெரிய கேஸ் இருக்கு. இன்னைக்கு எபிசோட் அதுதான்.

கண்டென்சர் போச்சு

வீட்ல ஃபேன் மெதுவா சுத்தினா எலக்ட்ரீஷியன் "கண்டென்சர் போச்சு"ம்பாரே, கெபாசிட்டர்னு சொல்றதும் அதைத்தான். மதர்போர்டுல பிராசஸரைச் சுத்தி குட்டி குட்டி உருளையா நிக்கும். ஃபேன்ல இருக்கிறதும் இதுவும் ஒரே குடும்பம், உள்ள இருக்கிற சரக்குதான் வேற.

இதோட வேலையைப் புரிஞ்சுக்க மொட்டை மாடித் தண்ணித் தொட்டியை நினைச்சுக்கோங்க. மோட்டார் விட்டு விட்டுத்தான் ஓடும், ஆனா குழாயைத் திறந்தா தண்ணி சீரா வரணும். கம்ப்யூட்டர்லயும் அப்படித்தான். பவர் சப்ளை 12 வோல்ட் கொடுக்குது. பிராசஸருக்கு வேண்டியது ஒண்ணு, ஒண்ணரை வோல்ட்தான். அதை இறக்குற சர்க்யூட் ஒரு செகண்டுக்கு லட்சக்கணக்கான தடவை ஆன் ஆஃப் ஆகுது. அந்தத் துடிப்பை எல்லாம் வாங்கிச் சமன் பண்ணி, பிராசஸர் கேட்கிற நேரத்துக்குச் சீரா கொடுக்கிற தொட்டிதான் கெபாசிட்டர்.

அதுக்குள்ள அலுமினியத் தகடு, காகிதம், எலக்ட்ரோலைட்னு ஒரு திரவம். திரவத்துல தண்ணி அதிகமா இருந்தா மின்சாரம் சுலபமா ஓடும், விலையும் குறையும். ஆனா அலுமினியமும் தண்ணியும் சேர்ந்தா வேதிவினை நடந்து ஹைட்ரஜன் வாயு உருவாகும். அதைத் தடுக்கச் சில ரசாயனங்களைச் சரியான அளவுல சேர்க்கணும். அது சரியில்லைன்னா உள்ள வாயு சேர்ந்துக்கிட்டே போகும். உருளையோட தலையில கூட்டல் குறி மாதிரி கீறல் போட்டிருப்பாங்க, பார்த்திருக்கீங்களா? அழுத்தம் கூடினா வெடிக்காம அந்த இடத்துல உப்பித் திறக்கட்டும்னுதான். மேல தட்டையா இருக்க வேண்டியது பூரி மாதிரி உப்பியிருந்தா, பழுப்பு நிறத்துல ஏதாவது கசிஞ்சிருந்தா, அதோட ஆயுசு முடிஞ்சதுன்னு அர்த்தம்.

ஆனா அது ஒரே நாள்ல சாகாது. முதல்ல தொட்டியோட வாய் அடைச்ச மாதிரி ஆகும். உள்ள தண்ணி இருந்தாலும் கேட்கிற வேகத்துல வெளிய வராது. மெயில் பார்க்கும்போது மெஷின் ஒழுங்கா ஓடும். பெரிய எக்செல் ஷீட்டைத் திறந்தா பிராசஸர் திடீர்னு நிறைய கரன்ட் கேட்கும், வோல்டேஜ் ஒரு கணம் சரியும், மெஷின் ரீஸ்டார்ட் ஆகும். சப்போர்ட் ஆளு வந்து பார்க்கும்போது ஒண்ணுமே இருக்காது. சாஃப்ட்வேர் பிரச்சினை மாதிரியே வேஷம் போடுற ஹார்டுவேர் பிரச்சினை இது.

1 கோடியே 18 லட்சம்

இப்ப கேஸுக்கு வருவோம். 2000களோட ஆரம்பத்துல உலகம் முழுக்க ஆபீஸ்களுக்கு டெல் கம்பெனியோட ஆப்டிபிளெக்ஸ் கம்ப்யூட்டர்கள் மொத்த மொத்தமா போச்சு. அதுல பல மெஷின்கள் இதே மாதிரி அடுத்தடுத்து சாக ஆரம்பிச்சது. 2005ல டெல் 30 கோடி டாலர் செலவைத் தன் கணக்குல காட்டுச்சு. அதுல ஒரு பகுதி இந்த மெஷின்களைச் சரி பண்ணவும் மாத்தவும்தான்.

2007ல அமெரிக்காவுல வட கரோலினாவுல இருக்கிற அட்வான்ஸ்டு இன்டர்நெட் டெக்னாலஜீஸ்ங்கிற கம்பெனி வழக்கு போட்டுச்சு. அவங்க வாங்கியிருந்தது சுமார் 2,000 கம்ப்யூட்டர். அந்த வழக்கோட ஆவணங்கள் 2010ல வெளிய வந்தப்பதான் முழு அளவு தெரிஞ்சது. 2003 மே முதல் 2005 ஜூலை வரைக்கும் டெல் அனுப்பினதுல குறைஞ்சது 1 கோடியே 18 லட்சம் கம்ப்யூட்டர்ல பழுதாகக்கூடிய பாகம் இருந்திருக்கு. பாதிக்கப்பட்ட மாடல்கள்ல மூணு வருஷத்துக்குள்ள 97 சதவீதம் வரைக்கும் பிரச்சினை வரலாம்னு டெல்லோட ஆய்வே சொன்னதா அந்த வழக்குல இருக்கு.

வாடிக்கையாளர் கிட்ட நாமளா போய் இதைச் சொல்ல வேண்டாம், நிச்சயமில்லாத விஷயம் மாதிரியே பேசணும்னு விற்பனை ஆட்களுக்கு வழிகாட்டுதல் போயிருக்கு. டெக்சாஸ் பல்கலைக்கழகக் கணிதத் துறையில மெஷின்கள் செத்தப்ப, நீங்க கஷ்டமான கணக்கைப் போட்டு மெஷினை வருத்துறீங்கன்னு பதில் வந்திருக்கு. கணிதத் துறையில கணக்குப் போடாம வேற என்ன பண்ணுவாங்க? இன்னொண்ணு கேளுங்க. டெல்லுக்காக இதே வழக்குல வாதாடின சட்ட நிறுவனத்துலயே 1,000 மெஷின் இதே பிரச்சினையில மாட்டியிருந்தது. அவங்களுக்கே சரி பண்ணிக் கொடுக்க டெல் தயங்கியிருக்கு.

எனக்கு இதுல முக்கியமாப் படுறது வேற ஒண்ணு. டெல் நியமிச்ச ஒப்பந்ததாரரோட ஆய்வுப்படி, பழுதான மதர்போர்டை எடுத்துட்டு வேற பழுதான மதர்போர்டைப் போட்டிருக்காங்க. யோசிச்சுப் பாருங்க. போர்டை மாத்தியாச்சு, டிக்கெட் மூடியாச்சு, ஆறு மாசம் கழிச்சு அதே மெஷின் அதே மாதிரி போகுது. அப்ப எல்லாரும் என்ன முடிவுக்கு வருவாங்க? "போர்டையே மாத்தியாச்சு, அப்ப யூஸர்தான் ஏதோ பண்றாரு." நல்ல எண்ணத்தோட பண்ணின ரிப்பேரே தப்பான ஆள் மேல பழியைத் தூக்கிப் போட்டுடுது.

டெல் பக்கமும் சொல்லிடறேன். அவங்க இந்த மெஷின்களோட மதர்போர்டுக்கு வாரன்ட்டியை நீட்டிச்சாங்க. 2010ல வழக்கு சமரசமா முடிஞ்சது. டெல் மட்டும் மாட்டல, ஆப்பிளும் ஐமேக் ஜி5க்குத் தனி ரிப்பேர் திட்டம் அறிவிச்சது.

இணையத்துல இதுக்கு ஒரு சினிமாக் கதை சுத்தும். ஒருத்தர் எலக்ட்ரோலைட் ஃபார்முலாவைத் திருடினாரு, அது பாதி ஃபார்முலா, அதனாலதான் தைவான் கெபாசிட்டர்கள் எல்லாம் உப்புச்சுன்னு. கேட்க நல்லா இருக்கும். ஆனா டெல் மெஷின்கள்ல பேசப்பட்டது நிச்சிகான்ங்கிற பேர் பெற்ற ஜப்பான் கம்பெனியோட கெபாசிட்டர். "மட்டமான சரக்கு வாங்கினா இப்படித்தான்"னு கடந்து போக முடியாது. நல்ல கம்பெனியோட ஒரு தயாரிப்புத் தொகுதியும் கெட்டுப் போகலாம்.

தனித்தனி டிக்கெட்ல தெரியாத விஷயம்

பாகங்கள் தானா, சம்பந்தமில்லாம கெடும்போது அது சிதறி நடக்கும். ஒரு மெஷின்ல ராம், இன்னொண்ணுல கீபோர்டு, வேற ஒண்ணுல டிஸ்க்னு. ஆபீஸ்ல மெஷின்கள் ஒரே நாள்ல, ஒரே மாடல்ல, ஒரே தொகுதியில வாங்கப்பட்டது. ஒரே ஏசியில, ஒரே வேலை நேரத்துல ஓடுது. அதுல பல மெஷின் ஒரே அறிகுறியோட போனா அதுக்குப் பொதுவான ஒரு காரணம் இருக்க வாய்ப்பு அதிகம். ஆனா டிக்கெட் சிஸ்டம் ஒவ்வொண்ணையும் தனிக் கதையாத்தான் பார்க்கும். விற்ற கம்பெனிக்கும் அது தனித்தனியா இருக்கிறதுதான் வசதி.

அதனால சப்போர்ட்ல இருக்கிற நண்பர்களுக்கு ஒரு எக்செல் ஷீட் போதும். மாடலும் சீரியல் நம்பரும், வாங்கின தேதி, அறிகுறி, எந்த வேலை செய்யும்போது வந்தது, என்ன மாத்தினோம்னு அஞ்சு காலம். மூணு மாசம் எழுதி, மாடல் வாரியா அடுக்கிப் பாருங்க. "கம்ப்யூட்டர் அடிக்கடி போகுது சார்"னு சொன்னா யாரும் கேட்க மாட்டாங்க. "இந்த மாடல் 40ல 11, எல்லாம் ஒரே மாசம் வாங்கினது, எல்லாம் லோடுல ரீஸ்டார்ட்"னு சொன்னா வென்டர் பதில் சொல்லியே ஆகணும். மாத்துற போர்டு அதே தொகுதியாங்கிற கேள்வியையும் எழுத்துல கேளுங்க.

வெப்பத்தையும் கவனிங்க. இந்த வகை கெபாசிட்டர்ல 10 டிகிரி கூடினா ஆயுசு ஏறக்குறைய பாதியாகும்னு ஒரு கணக்கு உண்டு. சுவரோட ஒட்டி, தூசி அடைச்சு, மேசைக்கு அடியில திணிச்ச பெட்டி சீக்கிரம் போறதுல ஆச்சரியம் இல்ல. ஆனா ஆர்வத்துல பவர் சப்ளையைத் திறந்துடாதீங்க. பிளக்கைப் பிடுங்கின பிறகும் உள்ள இருக்கிற பெரிய கெபாசிட்டர்ல ஆபத்தான மின்சாரம் நிக்கும்.

"இப்ப எல்லாம் லேப்டாப்தானே பாஸ்"னு கேட்பீங்க. மதர்போர்டுகள்ல திரவம் இல்லாத பாலிமர் கெபாசிட்டர் பெருசா வந்துடுச்சு, அந்தக் குறிப்பிட்ட நோய் குறைஞ்சுடுச்சு. இப்ப உப்புறது பேட்டரி. டச்பேட் மேல தூக்குது, மூடி சரியா மூடலன்னா உடனே சார்ஜரைக் கழட்டி, மெஷினை ஆஃப் பண்ணி, சப்போர்ட் கிட்ட கொடுங்க. அமுக்கிச் சரி பண்ணப் பார்க்காதீங்க, தீப்பிடிக்கலாம். கூடவே அதே மாடல் வெச்சிருக்கிற பக்கத்து சீட்டுக்காரங்களையும் அவங்க லேப்டாப்பைப் பார்க்கச் சொல்லுங்க.

அடுத்த தடவை உங்க மெஷினைச் சரி பண்ண வர்றவர் விண்டோஸைத் திரும்பப் போடட்டுமான்னு கேட்டா, போடச் சொல்லுங்க. அப்படியே "அண்ணா, இந்த மாடல்ல இது எத்தனாவது?"ன்னு ஒரு கேள்வியும் கேளுங்க. அவருக்குப் பதில் தெரியலன்னா, ரெண்டு பேருமா சேர்ந்து அந்த ஷீட்டை ஆரம்பிங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம் மக்களே.