வைஸ்ராய் மாளிகைக்குள் நீங்களும் நடக்கலாம், தெரியுமா?

அன்றைய வைஸ்ராய் மாளிகையான டெல்லி ராஷ்டிரபதி பவனைக் கட்ட 17 ஆண்டுகள் ஆயின. அதில் வைஸ்ராய்கள் வாழ்ந்தது எத்தனை காலம் தெரியுமா? முழுதாக 18 ஆண்டுகூட இல்லை! 1929 கடைசியில் இர்வின் பிரபு குடிபுகுந்தார். 1947 ஆகஸ்டில் பிரிட்டிஷ் ஆட்சியே போய்விட்டது!

70 கோடிச் செங்கல், 340 அறைகள், இரும்பு இல்லை என்றே சொல்லலாம்! தூண்களின் தலையை நிமிர்ந்து பாருங்கள். கல்லில் செதுக்கிய மணிகள்! மணி ஒலித்தால் ஆட்சி முடியுமாம். அதனால்தான் ஒலிக்காத மணி என்று ஒரு கதை சொல்வார்கள். அந்த மணி வடிவம் எங்கிருந்து வந்தது தெரியுமா? கர்நாடகத்து மூடபித்ரி சமணக் கோயிலிலிருந்து! குவிமாடத்தில் தெரிவது சாஞ்சி ஸ்தூபியின் சாயல். அசோகர் காலத்து ராம்பூர்வா காளை இங்கே நிற்கிறது. வயது 2,200க்கும் மேல்!

விஜய் சௌக்கிலிருந்து ரைசினா குன்றின் மேல் நடந்தே ஏறுங்கள். காரில் போனால் இந்த அதிசயம் கண்ணில் படாது! கிட்டே போகப் போக மாளிகை பெரிதாக வேண்டாமா? மெல்ல மறைகிறது! ஒரு கட்டத்தில் குவிமாடம் மட்டும் தெரியும். மேடேறியதும் முழு மாளிகையும் மறுபடி எழுந்து நிற்கும். சாலையின் சரிவு அப்படி. மாளிகையை வடிவமைத்த லட்யன்ஸும், பக்கத்துச் செயலகங்களைக் கட்டிய ஹெர்பர்ட் பேக்கரும் இந்தச் சரிவுக்காகவே நட்பை முறித்துக்கொண்டார்கள்!

அசோக் மண்டபத்தில் அண்ணாந்து பார்த்தால் கூரையில் தோலின் மேல் தீட்டிய வேட்டைக் காட்சி. நடுவில் குதிரை மேல் பாரசீக மன்னர் ஃபத் அலி ஷா! முன்னாள் தர்பார் மண்டபத்தில்தான் 1947 ஆகஸ்ட் 15 அன்று நேரு பதவியேற்றார். அங்கே அவசரப்படாமல் நில்லுங்கள்.

நம் ராஜாஜி என்ன செய்தார் தெரியுமா? 1948இல் கவர்னர் ஜெனரலாகக் குடியேறியவர், வைஸ்ராயின் பிரம்மாண்டப் படுக்கையறை வேண்டாமென்று சிறிய அறைகளுக்கு மாறிவிட்டார்! உணவுப் பஞ்சக் காலத்தில் வளாகத்து நிலத்தில் கோதுமை பயிரிட வைத்தார்! பிறகு வந்த குடியரசுத் தலைவர்களும் அந்தச் சிறிய பகுதியிலேயே குடியிருந்தார்கள். வைஸ்ராயின் அறைகள் இன்று வெளிநாட்டுத் தலைவர்களுக்கான விருந்தினர் பகுதி!

இணையத்தில் முன்பதிவு செய்து, அடையாள அட்டையோடு போங்கள். பிப்ரவரி, மார்ச் என்றால் அம்ரித் உத்யான் தோட்டமும் திறந்திருக்கும், டூலிப் பூத்திருக்கும்!