மழையில் நனைந்த நெல்லும் மாச்சத்தை அறுக்கும் நொதிகளும்

காவிரிப் பாசனப் பகுதியில் குறுவை நெல் முற்றி நிற்கும் வேளையிலேயே ஐப்பசி மழையும் வந்து சேர்வதை நாம் நன்கறிவோம். சாய்ந்த கதிர்கள் சில நாட்கள் ஈரத்தில் கிடப்பின் மணிகளில் வெண்முளை தலைகாட்டுகிறது. முளை கண்ட நெல்லுக்கு விலை குறைவதில் வியப்பில்லை. ஆனால் அதே களத்தில், முளை வெளிப்படாத மணிகளும் அரைவையில் நொறுங்குகின்றனவே, அவற்றின் சோறும் குழைகிறதே, அது ஏன்?

தீட்டிய அரிசியில் ஈரத்தை நீக்கிப் பார்த்தால் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கு மாச்சத்தேயாகும். இளநாற்று வேரூன்றி இலைவிடும் வரையில் உண்பதற்கெனத் தாய்ச்செடி கட்டிக்கொடுத்த கட்டுச்சோறு அது. நாம்தான் இடையில் புகுந்து அதனை உலையிலிடுகிறோம். மாச்சத்து நீரில் எளிதில் கரையாது. முளை அதனை அப்படியே உட்கொள்ளவும் இயலாது. அதனைச் சிறு சர்க்கரைகளாக அறுத்துக் கொடுப்பவை அமிலேஸ் எனப்படும் நொதிகள். மணி போதிய நீரை உறிஞ்சியதும், கருவிலிருந்து ஜிப்பரெல்லின் என்னும் வளர்ச்சி ஊக்கி புறப்பட்டுத் தவிட்டுப் பகுதியிலுள்ள அலூரோன் படலத்தை அடைகிறது. (நெல் நாற்றுகளை அளவுக்கு மீறி நெட்டையாக்கும் பூஞ்சாண நோயை ஆராய்கையில், 1926இல் இவ்வூக்கியின் தடம் முதன்முதல் தென்பட்டது என்பது நெல்லுக்குரிய பெருமை.) அப்படலம் ஆல்பா அமிலேஸைச் சுரக்கிறது. அது மாச்சத்தின் நீண்ட சங்கிலிகளை நடுநடுவே துண்டிக்கிறது. பீட்டா அமிலேஸ் என்னும் மற்றொன்று நுனியிலிருந்து இரண்டிரண்டு கண்ணிகளாகக் கழற்றுகிறது.

நொதி தன் வேலையில் தான் தேய்ந்துபோவதில்லை. ஒன்றை அறுத்தபின் அடுத்ததற்குச் செல்கிறது. எனவே சிறிதளவே சுரந்தாலும் சேதம் பெரிது. முளை நம் கண்ணுக்குப் புலப்படுமுன்பே இப்பணி தொடங்கிவிடுவதால், வெளியே நலமாகத் தோன்றும் மணியும் உள்ளே இறுக்கம் இழந்து, ஆலையில் நொய்யாகிறது. உலையிலும் ஓர் ஆபத்து உண்டு. அரிசியின் மாச்சத்து, இரகத்துக்கேற்ப, சுமார் 55 முதல் 79 பாகை செல்சியஸ் வெப்பத்தில் நீரேற்று இளகுகிறது. இளகிய மாச்சத்தை நொதி மிக விரைவாக அறுக்கும். நீர் கொதிநிலையை நெருங்கி நொதி அழியும் வரை இது நீடிக்கிறது. கேழ்வரகை முளைகட்டி உலர்த்தி அரைத்த மாவில் காய்ச்சும் கஞ்சி கெட்டிப்படாமல் நீர்த்திருப்பதைத் தாய்மார்கள் அறிவார்கள். குழந்தையின் கிண்ணத்தில் நன்மை செய்வது இந்நொதியே. சோற்றுப் பானையில் அது தீமையாகிறது.

மழை மட்டுமன்று, கடும் வெப்பமும் இந்நொதியை அகாலத்தில் எழுப்பிவிடக்கூடும். பால் பிடிக்கும் பருவத்தில் வெப்பம் மிகுந்தால் மணியில் மாச்சத்துத் துகள்கள் நெருங்கி அடையாமல் இடைவெளி விழுந்து, அரிசி சுண்ணாம்புபோல் வெளுக்கிறது. ஆல்பா அமிலேஸ் மரபணுக்களை அடக்கிவைத்த நெல்லில், வெப்பத்தில் முற்றியபோதும் இத்தகைய வெள்ளை மணிகள் குறைந்தன என்று ஜப்பானிய ஆராய்ச்சியாளர் 2012இல் தெரிவித்தனர். வெப்பத்தால் மாச்சத்து உருவாவதே தடைப்படுவதும் மற்றொரு காரணமாம்.

வெயிலை நாம் தடுக்க இயலாது. ஈரத்தோடு போராட வழியுண்டு. மணிகளில் பெரும்பகுதி பொன்னிறம் அடைந்ததும் அறுவடையைத் தள்ளிப்போடலாகாது. அதற்குப் பத்து நாள் முன்னரே வயலின் நீரை வடித்துவிட வேண்டும். ஈரக்கட்டுகளை அம்பாரமாகக் குவிப்பது மிகப் பெரிய தவறு. குவியலின் உள்வெப்பமும் ஈரமும் சேர்ந்து முளைகட்டும் பானையையே உண்டாக்குகின்றன. கதிரடித்த நெல்லை மெல்லியதாகப் பரப்பி அடிக்கடி கிளறிவிடுக. கொள்முதலுக்கு 17 சதவீத ஈரப்பதமே பொது வரம்பு. மழை மிகுந்த ஆண்டுகளில் அரசு அதனைத் தளர்த்தியதுண்டு. சேமிப்புக்கோ 14 சதவீதத்துக்கு மேல் இருத்தல் ஆகாது. அறுக்கவே முடியாத மழையில், ஒரு லிட்டர் நீருக்கு 50 கிராம் சமையல் உப்பு கரைத்துக் கதிர்களின்மேல் தெளிப்பதும் பரிந்துரைக்கப்படுகிறது. உப்பு, மணி நீரை உறிஞ்சுவதை மட்டுப்படுத்துகிறது.

உலர்த்த இடமின்றி நனைந்த நெல்லை உடனே புழுக்குவது நம் முன்னோர் கண்ட நல்வழி. ஆவியில் நொதிகள் அழிகின்றன. மாச்சத்து இளகி மீண்டும் இறுகுவதால் மணியும் வலுப்பெறுகிறது. ஆனால் முன்பே முளைத்த மணியைப் புழுக்கலும் மீட்காது. குளிர்நீரில் இரண்டு மூன்று நாள் ஊறவைப்பதைவிட, சுமார் 65 பாகை வெந்நீரில் மூன்று நான்கு மணி நேரம் ஊறவைத்தலே மேல்.

இரகத் தேர்விலும் கருத்து வேண்டும். முற்றியபின் சில வாரங்கள் முளைக்காமல் உறங்கும் இயல்பு சில இரகங்களுக்கு உண்டு. பல குறுகிய கால இரகங்களுக்கு அது இல்லை. உறங்கும் நெல் மழையைத் தாங்கும். ஆயினும் அதனையே அடுத்த போகத்துக்கு உடனே விதைக்க முனைவோர் முளைப்புக் குறைவால் இடர்ப்படுவர். அறுவடை மழையில் சிக்கும் வயலுக்கு உறக்கமுடைய இரகம் எது என்பதை, நாற்று விடுமுன்பே வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேட்டறிந்து விதை வாங்கலாம்.