விமான நேரமும் வீடு சேரும் நேரமும்

“துபாய் நான்கு மணி நேரந்தானே? காலையில் புறப்பட்டால் மகன் மதியத்திற்குள் வந்துவிடுவான். மூன்று மணிக்கு அடக்கம் வைத்துக்கொள்ளலாம்.” கோலார் தங்கவயலின் துக்க வீடுகளில் பெரியவர்கள் இப்படிக் கணக்கிடுவதுண்டு. மூன்று மணிக்கு மகனோ இன்னும் ஆகாயத்தில் இருப்பான்.

2001 பிப்ரவரி 28-இல் தங்கச் சுரங்கங்கள் மூடப்பட்ட பின்பு, நம் பிள்ளைகள் பிழைப்புக்காகப் பெங்களூருக்கும் சென்னைக்கும் வளைகுடா நாடுகளுக்கும் சென்றார்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கி உழைத்தவரின் பேரன், இன்று 10 கிலோமீட்டர் உயரத்தில் பறந்து வீடு திரும்புகிறான். ஆகையால் இந்தக் கணக்கு ஒவ்வொரு குடும்பத்திற்கும் தேவை.

பெங்களூருக்கும் துபாய்க்கும் இடையே ஆகாய வழித் தூரம் ஏறத்தாழ 2,700 கி.மீ. மணிக்கு 850 கி.மீ. வேகத்தில் பறந்தால் மூன்றே கால் மணி நேரத்திற்குள் கடந்துவிடலாம். ஆனால் ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வதும், மேலேறுவதும், இறங்குவதும் சேர்ந்து நான்கு மணி நேரமாகிறது. குளிர்காலத்தில் மேற்கிலிருந்து வீசும் மேல்காற்று, ஊர் திரும்பும் விமானத்தைச் சற்று விரைவாகவே கொண்டுவந்துவிடும்.

பயணச்சீட்டில் அந்தந்த ஊரின் நேரமே அச்சிடப்பட்டிருக்கும். துபாய் நேரம் நமக்கு ஒன்றரை மணி பிந்தியது. அங்கே காலை 10 மணி என்றால் இங்கே 11.30. அந்த விமானம் பெங்களூரில் இறங்கும்போது பிற்பகல் 3.20 ஆகிவிடும்.

இனி முழுப் பயணத்தையும் பாருங்கள். மூன்று மணி நேரம் முன்னதாக விமான நிலையத்தில் இருக்க, மகன் துபாயில் காலை 6 மணிக்கே அறையைவிட்டுப் புறப்பட வேண்டும். நமக்கு அப்போது 7.30. தேவனஹள்ளியில் இறங்கி, குடியேற்றச் சோதனை முடித்துப் பெட்டியை எடுத்து வெளியே வர ஒரு மணி நேரம். அங்கிருந்து ஓசகோட்டை, கோலார் வழியாகத் தங்கவயலுக்குச் சுமார் 100 கி.மீ.; இரண்டரை மணி நேரமாவது ஆகும். வாசலில் கால் வைக்கும்போது மாலை 7 மணி. நான்கு மணி நேரப் பயணம் உண்மையில் பதினொன்றரை மணி நேரப் பயணமாகிறது!

சென்னையில் இருப்போரின் கணக்கு வேறு. சென்னைக்கும் பெங்களூருக்கும் ஆகாய வழியில் ஏறத்தாழ 270 கி.மீ.தான். விமானம் ஒரு மணி நேரத்தில் சேர்த்துவிடும். ஆனால் அவ்விரு விமான நிலையங்களுக்கும் இடையே நேர்கோடு வரைந்தால், அது தங்கவயலுக்கு வடக்கே 20 கி.மீ. அளவில் செல்லும். நம் ஊரைத் தாண்டிப் பறந்து, தேவனஹள்ளியில் இறங்கி, மறுபடியும் கிழக்கே திரும்பி வரவேண்டும். காத்திருப்பதையும் கூட்டினால் ஏழு மணி நேரம். சென்னை சென்ட்ரலில் விரைவு ரயில் ஏறினால் ஏறத்தாழ நான்கரை மணி நேரத்தில் பங்காருப்பேட்டை. அங்கிருந்து ஊர் அருகில்தான். செலவும் குறைவு, நேரமும் குறைவு.

எனவே துக்கச் செய்தி சொல்லும்போதே, “எந்த விமானம்? பெங்களூரில் எத்தனை மணிக்கு இறங்கும்?” என்று கேட்டுக்கொள்ளுங்கள். அதனுடன் நான்கு மணி நேரத்தைக் கூட்டி, அதன் பின்பே அடக்க நேரத்தை அறிவியுங்கள். மாலையில் இருட்டிவிடும் எனில் மறுநாள் காலைக்கு வைப்பதே நலம். தகப்பனின் முகத்தைக் கடைசியாக ஒருமுறை காண ஓடி வரும் பிள்ளைக்கு, அந்தச் சில மணி நேரங்கள் வாழ்நாளெல்லாம் ஆறுதலாயிருக்கும்.