கைமாறிக்கொண்டே இருந்த கப்பல்

ஜூலை, ஓகஸ்ட் மாதங்களில் பூனாகலைப் பக்கம் குடை பிடித்துப் பாருங்கள், காற்று பிடுங்கப் பார்க்கும். அது தென்மேற்குப் பருவக்காற்று. கொண்டுவந்த மழையை ஹட்டன், நுவரெலியாப் பக்கமே கொட்டிவிட்டு, நம் பக்கம் காய்ந்துபோய் வருகிறது. ஊவாத் தேயிலையின் தனி மணத்துக்கு அந்தக் காய்ந்த காற்றே காரணம்.

இன்ஜின் இல்லாத காலத்தில், பூமத்திய ரேகையைத் தாண்டி வரும் பாய்க்கப்பல்களை வங்கக் கடலுக்குத் தள்ளிவிட்டதும் இதே காற்றுத்தான். 1807 செப்டெம்பரில் ரொபேர் சுர்கூப் என்ற பிரெஞ்சு மாலுமி, மொரீசியஸிலிருந்து 18 பீரங்கிகளோடு ஒரு சின்னக் கப்பலில் புறப்பட்டார். பெயர் ‘ரெவனான்’. வங்கக் கடலில் ஆங்கிலேய வணிகக் கப்பல்களை மடக்கிப் பிடித்துவிட்டு, வாடைக்காற்று வீசும் ஜனவரியில் திரும்பினார். போக ஒரு காற்று, வர ஒரு காற்று! (அப்போது நம் மலைகளில் தேயிலையும் இல்லை, வெள்ளைக்காரனும் இல்லை, கண்டி அரசனின் ஆட்சி.)

பிரெஞ்சு அரசு அந்தக் கப்பலைத் தன் கடற்படைக்கு எடுத்து ‘யேனா’ என்று பெயர் மாற்றியது. 1808 ஒக்டோபர் 8ஆம் திகதி, ‘மொடெஸ்ட்’ என்ற பெரிய ஆங்கிலேயக் கப்பல் ஒன்பது மணி நேரம் துரத்தி அதைப் பிடித்தது. வேடிக்கை என்னவென்றால், மொடெஸ்டும் 1793இல் பிரெஞ்சுக்காரரிடமிருந்து பிடித்த கப்பல்தான்!

சின்னக் கப்பல்தானே வேகமாக ஓடும் என்கிறீர்களா? மெல்லிய காற்றில் ஓடலாம். காற்று பலத்தால் கதை வேறு. ஒரே அகலத்தில் ஒரு குட்டைப் பலகை, ஒரு நீளப் பலகை எடுத்து, நூல் கட்டித் தண்ணீரில் வேகமாக இழுத்துப் பாருங்கள். குட்டைப் பலகைக்கு முன்னால் தண்ணீர் குவியும், அதன் மூக்கு மேலே எழும்பும். ஓடும் கப்பல் அலையை எழுப்புகிறது. வேகம் கூடக்கூட அந்த அலையும் நீள்கிறது. அலை கப்பலின் நீளத்தை எட்டிவிட்டால், கப்பல் தான் எழுப்பிய அலையின் மேலேயே ஏற வேண்டியதுதான். நீளமான கப்பலுக்கு இந்தத் தொல்லை பிந்தித்தான் வரும்.

பிடிபட்ட யேனாவுக்கு ஆங்கிலேயர் ‘விக்டர்’ என்று பெயர் வைத்தார்கள். 1809 நவம்பரில் ‘பெலோன்’ என்ற பிரெஞ்சுப் போர்க்கப்பல் அதைத் திரும்பப் பிடித்தது. பெயரை மட்டும் மாற்றவில்லை.

1810 ஓகஸ்டில் மொரீசியஸின் கிராண்ட் போர்ட் துறைமுகத்துக்குள் விக்டர்தான் முதலில் நுழைந்தது. வாசலில் இருந்த தீவை ஆங்கிலேயர் ஏற்கெனவே பிடித்து, பிரெஞ்சுக் கொடியை ஏற்றிவைத்து ஏமாற்றினார்கள். குண்டு பாய்ந்ததும் விக்டர் சரணடைந்தது. பின்னால் தோழமைக் கப்பல் வருவதைக் கண்டதும், இறக்கிய கொடியை மறுபடி ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டது! அந்தச் சண்டையில் பிரெஞ்சுக்காரர் வென்றார்கள். டிசெம்பரில் மொரீசியஸ் முழுவதும் ஆங்கிலேயர் வசமானபோது விக்டரும் அவர்கள் கைக்கே போனது.