டிரெய்லருக்கு அடியில் போகும் முன்னே

"அஞ்சு நிமிசம் வேலைதானே அண்ணே, கட்டை எதுக்கு?"

ஜெராம் பக்கத்துத் தோட்டங்களில் இந்தப் பேச்சைக் கேட்காத டிராக்டர்காரர் இருக்கமாட்டார். குலை ஏற்றும் டிரெய்லரில் ஸ்பிரிங் பட்டை ஒடிந்துவிட்டது. பழம் மில்லுக்குப் போயாக வேண்டும். மண்டோர் மணியைப் பார்க்கிறார். ஜேக்கை வைத்துத் தூக்கியதும் ஒருவர் அடியில் நுழைந்துவிடுகிறார். சர்க்கரை, ரத்தக் கொதிப்பு என்று எழுதி வரும் இந்தப் பகுதியில் டிரெய்லர் எதற்கு என்று கேட்கலாம். சர்க்கரை நோயோடு பல ஆண்டுகள் வாழ முடியும். நெஞ்சின் மேல் டிரெய்லர் இறங்கினால் சில நிமிடம்தான்.

நம் கோல சிலாங்கூர் மாவட்டத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான் 1917-இல் இந்நாட்டின் முதல் வாணிபச் செம்பனை நடவு நடந்தது. பின்னாளில் ரப்பர்க் காடுகளும் செம்பனையாயின; பால் வாளி போய்க் குலை வந்தது. முற்றிய மரத்துக் குலை 15 முதல் 25 கிலோ வரை இருக்கும். நூறு குலை என்றால் ஏறக்குறைய இரண்டு டன். டிரெய்லரின் சொந்த எடை வேறு. ஆகவே முதல் வேலை, ஏற்றிய குலையை இறக்குவது. "திரும்ப யார் ஏத்துறது?" என்று அலுத்துக்கொள்ளாதீர்கள்.

அடுத்து மண்ணைப் பாருங்கள். நம்முடையது கடலோரக் களிமண். வெயிலில் பாறை மாதிரி இருக்கும். மழை பெய்தால் ஜேக்கின் சின்ன அடிப்பாகம் அதில் மெல்லப் புதையும். ஒரு பக்கமாகப் புதைந்தால் ஜேக் சாயும், பாரம் வழுக்கும். முடிந்தவரை டிரெய்லரைப் பட்டறையின் சிமெண்டுத் தரைக்குக் கொண்டு வாருங்கள். காட்டிலேயே தூக்கித்தான் ஆக வேண்டும் என்றால், சமமான இடத்தில், தடித்த அகலமான பலகை போட்டு அதன் மேல் ஜேக்கை வையுங்கள். செங்கல்லும் ஓட்டைச் சிமெண்டுக் கல்லும் வேண்டாம். அவை முன்கூட்டிச் சொல்லாமல் நொறுங்கும்.

டிரெய்லரை டிராக்டரிலிருந்து கழற்றாதீர்கள். இரண்டு சக்கர டிரெய்லர் கழன்றால் முன்னும் பின்னும் ஆடும். பின் சரியாக மாட்டியிருக்கிறதா பாருங்கள். டிராக்டர் பிரேக்கைப் போட்டு, சாவியை அடியில் போகிறவர் தன் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளட்டும். தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். டயர் கழற்ற வேண்டுமானால், சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளைக் கொஞ்சம் தளர்த்திவிட வேண்டும். தூக்கிய பிறகு சாவி போட்டு முறுக்கினால் வண்டி ஆடும்.

ஜேக் தூக்குவதற்கு, தாங்குவதற்கு அல்ல. ஆயில் ஜேக்கின் உள்ளே பாரத்தைப் பிடித்திருப்பது ஒரு சிறு ரப்பர் வளையம். அது தேய்ந்திருந்தால் வெளியே எந்த அடையாளமும் தெரியாது. தூக்கியதும் இரும்பு ஸ்டாண்டையோ, குறுக்கும் நெடுக்குமாக அடுக்கிய சிலிப்பர் கட்டையையோ அடியில் கொடுத்து, பாரத்தை அதன் மேல் இறக்குங்கள். வெளியே நின்றபடி டிரெய்லரைத் தள்ளிப் பாருங்கள். அசைந்தால் ஆள் உள்ளே போகக் கூடாது.

ஸ்பிரிங் வேலையில் இன்னொரு ஆபத்து. அச்சுக்கு அடியில் ஜேக் வைத்தால் டிரெய்லர் உயரும், ஆனால் பட்டைகள் அழுத்தத்திலேயே இருக்கும். யூ போல்ட்டைக் கழற்றினால் பட்டை தெறித்து முகத்தில் அடிக்கும். ஆகவே சட்டத்தை ஒரு பக்கமாகத் தூக்கி ஸ்டாண்ட் கொடுத்து, பிறகு மறுபக்கமும் அப்படியே செய்யுங்கள். பட்டை தொங்கிய பின்தான் போல்ட்டில் கை வைக்க வேண்டும். அச்சு விழாமல் இருக்க அதற்கும் தனியாகத் தாங்கல் வேண்டும். டிரெய்லர் அருகில் எப்போதும் இன்னொருவர் நிற்கட்டும்.

யாரேனும் சிக்கிவிட்டால்? மூச்சு இழுக்க நெஞ்சு விரிய வேண்டும். பாரம் நெஞ்சில் இருந்தால் வாய் திறந்திருந்தும் மூச்சு போகாது. டிராக்டரை ஓட்டி இழுக்காதீர்கள். ஆளின் கையைப் பிடித்தும் இழுக்காதீர்கள். இன்னொரு ஜேக்காலோ, பலர் சேர்ந்தோ உடனே தூக்கி, தூக்கத் தூக்கக் கட்டை கொடுங்கள். ஒருவர் 999-க்குப் போன் செய்யட்டும். கால் மட்டும் நெடுநேரம் சிக்கியிருந்தால், எத்தனை மணிக்குச் சிக்கியது என்று அவர்களிடம் சொல்லி, அவர்கள் சொல்கிறபடி விடுவிக்க வேண்டும். நசுங்கிய சதையிலிருந்து வரும் நச்சு இருதயத்தையும் சிறுநீரகத்தையும் தாக்கும். 1941-இல் லண்டன் குண்டுவீச்சில் இடிபாட்டிலிருந்து மீண்டவர்கள் சில நாளில் இறந்ததைப் பார்த்துத்தான் மருத்துவர்கள் இதை விளக்கி எழுதினார்கள். எழுந்து உட்கார்ந்து "ஒண்ணும் இல்லைலா" என்றாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். தைலம் தேய்த்து உருவிவிட வேண்டாம். வீட்டிலுள்ளவர்கள் சிறுநீரைக் கவனியுங்கள். தே ஓ நிறத்தில் போனால் மறுபடியும் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

விபத்தை முதலாளி 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும். 2019 முதல் வெளிநாட்டுத் தோழர்களுக்கும் வேலை விபத்துப் பாதுகாப்பு உண்டு. இதை அவர்களிடமும் சொல்லுங்கள். 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்புச் சட்டத்தின் திருத்தம் 2024 ஜூன் 1 முதல் நடப்பில் இருக்கிறது. உயிருக்கு உடனடி ஆபத்து என்று நியாயமான காரணத்தோடு தெரிவித்தும் முதலாளி ஏதும் செய்யாவிட்டால், அந்த இடத்தை விட்டு விலகத் தொழிலாளிக்கு உரிமை உண்டு. ஸ்டோரில் ஸ்டாண்ட் இல்லையென்றால், தோட்டக் கமிட்டித் தலைவரிடம் சொல்லி எழுத்தில் கேளுங்கள். ஒரு டிரெய்லருக்கு இரண்டு ஸ்டாண்டாவது வேண்டும்.