ஓகஸ்டில் எந்தக் கரை?

அக்குறணைக்குத் தண்ணீர் புதிதல்ல. பிங்கா ஓயா பெருகினால் ஏ9 வீதியோரக் கடைகளுக்குள் சொல்லாமல் கொள்ளாமல் நுழைந்துவிடும். சாமான்களை மேல் தட்டுக்கு ஏற்றுவது அங்குள்ள வியாபாரிகளுக்குக் கைவந்த வேலை. ஆனால் அலையடிக்கிற தண்ணீரைப் பார்க்க வேண்டுமானால் எந்தத் திசையில் போனாலும் மலையிறங்கித்தான் ஆக வேண்டும். அதனால்தானோ என்னவோ, விடுமுறை என்றதும் இந்த ஊர்ப் பிள்ளைகள் கேட்பது கடல்.

ஒரு காலத்தில் அந்தக் கடல் நிலாவெளியாகவோ பாசிக்குடாவாகவோ இருந்தது. இப்போது மாலைதீவு, லங்காவி, புக்கெட் என்று பேச்சு நீள்கிறது. 2022 மார்ச்சில் 200 ரூபாயைச் சற்றுத் தாண்டி நின்ற டொலர் மே மாதத்துக்குள் 350 ரூபாயையும் தாண்டியபோது அந்தப் பேச்சு அடங்கிப்போயிருந்தது. பிறகு விலை 300 ரூபாயை ஒட்டி இறங்கியதும் வட்ஸ்அப் குழுக்களில் ‘பெக்கேஜ்’ விளம்பரங்கள் மறுபடி வரத் தொடங்கின.

எங்கே போவது என்பதற்கு முன்னால் எப்போது போவது என்ற கேள்வி இருக்கிறது. முஸ்லிம் பாடசாலைகளுக்கு நீண்ட விடுமுறை ரமழானில். அந்த மாதமோ ஆண்டுக்குப் பதினொரு நாள் அளவில் முன்னால் நகர்ந்துகொண்டே போகும். 2019இல் நோன்பு மே மாதத்தில் வந்தது, 2025இல் மார்ச்சில். நோன்பு பிடித்துக்கொண்டு கடற்கரைக்குப் போவாரில்லை. அந்த மாதத்தில் பயணம் என்றால் உம்றாதான். எனவே கடலுக்கு மிஞ்சுவது பெருநாளுக்குப் பிந்திய சில நாட்கள், ஓகஸ்ட், டிசம்பர். வீட்டில் ஒரு பிள்ளை ஊர்ப் பாடசாலையிலும் இன்னொன்று கண்டியில் சர்வதேசப் பாடசாலையிலும் படித்தால் அந்தச் சில நாட்களும் ஒத்துவராது. பலருக்குக் கடைசியில் கையில் நிற்பது ஓகஸ்ட்.

ஓகஸ்ட் என்றதும் நாட்டைத் தேடுவதுதான் வழமை. தேட வேண்டியது காற்றை. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கும்போது பெந்தோட்டை, ஹிக்கடுவைப் பக்கம் கடல் கொந்தளிக்கும். அதே நாட்களில் திருகோணமலைக் கடல் குளம்போல் கிடக்கும். ஒக்டோபருக்குப் பிறகு எல்லாம் தலைகீழ். இலங்கையர் எல்லோருக்கும் தெரிந்த சங்கதிதான் இது. ஆனால் விமான டிக்கட் கைக்கு வந்ததும் எப்படியோ மறந்துபோகிறது. மலேசியாவுக்கும் தாய்லாந்துக்கும் இரண்டிரண்டு கரைகள் உண்டு, அங்கும் அடிப்பது இதே காற்றுகள்தான் என்பது பெக்கேஜ் துண்டுப்பிரசுரத்தில் இருக்காது. மழைக்காலத்தில் அறை மலிவு என்பது மட்டும் பெரிய எழுத்தில் இருக்கும்.

மலேசியாவை எடுத்துக்கொள்ளலாம். 1987இல் தீர்வையற்ற தீவாக அறிவிக்கப்பட்ட லங்காவி மேற்குப் பக்கம். எல்லோரும் கேள்விப்பட்ட பெயர். ஓகஸ்டில் அங்கே மழை எட்டிப் பார்க்கும், செப்டெம்பர், ஒக்டோபரில் இன்னும் கூடும். கிழக்குப் பக்கத்தில் இருக்கும் பெர்ஹெந்தியான், ரெடாங் தீவுகளோ ஓகஸ்டில் தெளிந்த தண்ணீரோடு இருக்கும். இடுப்பளவு ஆழத்தில் நின்று குனிந்தாலே மீன் தெரியும். நவம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவக்காற்றில் அங்குள்ள தங்குமிடங்களில் பெரும்பாலானவை பூட்டிக்கிடக்கும் என்பதால் டிசம்பரில் இந்தப் பெயர்களை மறந்துவிடலாம். கோலாலம்பூரில் இறங்கி, கோத்தா பாருவுக்கோ குவாலா திரெங்கானுவுக்கோ உள்ளூர் விமானம் பிடித்து, குவாலா பெசுத் துறையிலிருந்து படகில் பெர்ஹெந்தியான் போக வேண்டும். கொஞ்சம் அலைச்சல்தான். ஆனால் கிளந்தானும் திரெங்கானுவும் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் மாநிலங்கள். வெள்ளிக்கிழமை விடுமுறை, சாப்பாட்டில் ஹலாலா என்று கேட்கும் அவசியம் அநேகமாக இல்லை, உம்மாமார் அபாயாவோடு கரையில் உட்கார்ந்தால் திரும்பிப் பார்ப்பவரும் இல்லை. அக்குறணைக் குடும்பம் ஒன்றுக்கு ஓகஸ்டில் இதைவிடப் பொருத்தமான வெளிநாட்டுக் கரை கிடைப்பது அருமை.

தாய்லாந்திலும் அதே கணக்கு. புக்கெட், கிராபி இரண்டும் அந்தமான் கடலோரம். ஓகஸ்டில் அங்கே சிவப்புக் கொடி பறந்தால், இழுத்துப்போகும் நீரோட்டம் உண்டு, இறங்காதே என்று பொருள். நீந்தத் தெரிந்தவர்களையும் அது விடாது. மலைநாட்டில் வளர்ந்து ஓடையில் மட்டும் குளித்த பிள்ளைகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். டிசம்பரில் அதே கிராபி அருமையான இடம்; முஸ்லிம்கள் கணிசமாக வாழும் பகுதி என்பதால் பள்ளிவாசலும் ஹலால் கடையும் தேடி அலைய வேண்டியதில்லை. ஓகஸ்டில் போவதானால் தாய்லாந்து வளைகுடாவில் உள்ள கோ சமுய் பரவாயில்லை. அங்கே ஹுவா தனோன் என்ற முஸ்லிம் மீனவக் கிராமமும் உண்டு. சமுய் விமான நிலையம் பேங்கொக் எயார்வேய்ஸ் நிறுவனத்துக்குச் சொந்தமானது, டிக்கட் விலை கூடுதல். சூராத் தானி வரை விமானத்தில் போய் அங்கிருந்து படகில் கடந்தால் செலவு குறையும்.

மாலைதீவு வேறு கதை. எந்த நாட்டவருக்கும் வந்திறங்கியதும் 30 நாள் விசா இலவசம். கொழும்பிலிருந்து ஒன்றரை மணி நேரப் பறப்பு. தனித் தீவு ரிசோர்ட் கட்டுப்படியாகாதவர்களுக்கு மக்கள் வாழும் தீவுகளில் விருந்தினர் இல்லங்கள் இருக்கின்றன. மாலேயிலிருந்து 26 கிலோமீற்றர் தள்ளியிருக்கும் மாபுஷி அவற்றில் பேர்போனது. (நாட்டின் பிரதான சிறைச்சாலையும் அங்கேதான் இருக்கிறது; துண்டுப்பிரசுரக்காரர்கள் இதையும் சொல்வதில்லை.) மதுபானம் கிடையாது, பள்ளிவாசல் நடை தூரம், வெளிநாட்டவர் நீச்சலுடையில் குளிக்கக் கரையை மறைத்துத் தனியே ஒதுக்கியிருக்கிறார்கள்.

அங்கே உறைப்பது வரிதான். 2024 டிசம்பரில் சாதாரண வகுப்புப் பயணிக்கான புறப்பாட்டு வரியை 30 டொலரிலிருந்து 50 டொலருக்கு உயர்த்தினார்கள். 2025 ஜனவரி முதல் பசுமை வரி, 50 அறை வரையுள்ள விருந்தினர் இல்லங்களில் ஆளுக்கு நாளொன்றுக்கு 6 டொலர், ரிசோர்ட்டில் 12 டொலர். ஐந்து பேர் கொண்ட குடும்பம் நான்கு இரவு தங்கினால் புறப்பாட்டு வரி 250, பசுமை வரி 120, ஆக 370 டொலர். டொலரை 300 ரூபாய் என்று வைத்தாலும் ஒரு லட்சத்துப் பதினோராயிரம் ரூபாய். விமான நிலைய அபிவிருத்திக் கட்டணம், 17 வீதச் சுற்றுலாப் பொருள் சேவை வரி எல்லாம் இதற்கு வெளியே. புறப்பாட்டு வரி வழக்கமாக டிக்கட் விலைக்குள்ளேயே அடங்கிவிடும். பசுமை வரி அறைக் கணக்கில் கடைசி நாளில் தலைநீட்டும். முகவரிடம் விலை கேட்கும்போதே ‘பசுமை வரி சேர்த்தா, சேர்க்காமலா? படகுக் கூலி யார் தலையில்?’ என்று கேட்டுவிடுவது நல்லது. வெள்ளிக்கிழமைகளில் அரச படகுகள் ஓடாது. அன்று போய் இறங்கினால் வேகப்படகுக்குத்தான் காசு கட்ட வேண்டும்.

கடதாசி வேலையில் காலை வாருவது பெரும்பாலும் பிள்ளைகளின் கடவுச்சீட்டு. 16 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு அது மூன்று வருடத்துக்கே செல்லுபடியாகும். போகும் நாடு பெரும்பாலும் இன்னும் ஆறு மாதம் மிச்சம் இருக்க வேண்டும் என்று கேட்பதால் உண்மையில் பயன்படுவது இரண்டரை வருடம். வாப்பா, உம்மாவின் புத்தகங்களைப் பார்த்துவிட்டு ‘எல்லாம் சரி’ என்று அலுமாரியைப் பூட்டுகிற வீடுகள் இங்கேதான் மாட்டிக்கொள்கின்றன. 2024இல் வெற்றுக் கடவுச்சீட்டுப் புத்தகங்களுக்குத் தட்டுப்பாடு வந்து பத்தரமுல்லையில் இரவிரவாக வரிசை நின்றதை நினைத்தால், இந்த வேலையைக் கடைசி மாதத்துக்குத் தள்ளிப்போட மனம் வராது.

மலேசியாவுக்கு இலங்கையர் முன்கூட்டியே இ-விசா எடுக்க வேண்டும். தாய்லாந்து 2024 ஜூலை 15 முதல் 93 நாட்டவருக்கு 60 நாள் விசா விலக்கு அறிவித்தது. இலங்கையும் அந்தப் பட்டியலில் இடம்பெற்றது. இத்தகைய சலுகைகள் வந்த வேகத்திலேயே மாறக்கூடியவை. எனவே காசு கட்டும் நாளில் அந்நாட்டுத் தூதரகத்தின் அறிவித்தலை ஒருமுறை பார்த்துவிட வேண்டும். இரண்டு நாடுகளும் டிஜிட்டல் வருகை அட்டை கேட்கின்றன, அதை நிரப்பக் கிடைப்பது பயணத்துக்கு முந்திய மூன்று நாட்கள் மட்டுமே. மாலைதீவின் படிவத்துக்கு 96 மணி நேரம். மூன்றுமே இலவசம், ஆனால் தேடினால் முதலில் வந்து நிற்பது பணம் கேட்கும் போலித் தளமாகவும் இருக்கலாம்.

எயார் ஏசியா போன்ற மலிவு விமானங்களில் அடிப்படை டிக்கட்டுக்குக் கைப்பொதி 7 கிலோதான். சம்பல் போத்தலும் மாசிப் பொதியும் பெரிய பெட்டியில் போக வேண்டுமானால் அதற்குத் தனியாக, அதுவும் டிக்கட் எடுக்கும்போதே கட்டினால் மலிவு. கட்டுநாயக்க விமான நிலையத்துக்குக் கடுகண்ணாவை இறக்கத்தில் சிக்காமல் போக, கட்டுகஸ்தோட்டையில் திரும்பி கலகெதர, குருணாகல் வழியாக இறங்குபவர்கள் உண்டு. குருணாகலிலிருந்து மீரிகமை வரை 2022 ஜனவரியில் திறந்த அதிவேகப் பாதையும் இருப்பதால் அதிகாலை விமானத்துக்கு இந்த வழி தோதானது.