வேலியை உயர்த்தினால் நாய் நிற்குமா?
நாய் வேலியைத் தாண்டியதும் பலருக்கும் முதலில் தோன்றும் யோசனை, வேலியை உயர்த்துவது. அது பாதித் தீர்வுதான். அச்சம், தனிமை, இணை தேடுதல் என்று ஓடுவதற்குக் காரணம் பல. ஆண்டில் 150 நாளுக்கு மேல் இடியிடிக்கும் சிங்கப்பூரில் அச்சத்தைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன். 2012-இல் தொடங்கிய ‘அடோர்’ நாய்த் தத்தெடுப்புத் திட்டத்தின்வழி வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளுக்கு வந்த கலப்பின நாய்களில் பல, தெருவில் வளர்ந்தவை. ஓசைக்கும் புதியவர்களுக்கும் எளிதில் மிரள்பவை. ஃபேரர் பார்க் அடுக்குமாடிகளில் கொல்லைப்புறமே கிடையாது. அங்கே வாசல் இரும்புக் கதவுதான் வேலி, அது திறக்கும் ஒரு நொடி போதும்.

உயரம் போதாதா என்று கேட்கலாம். தாவும் நாயை அது தடுக்கும். மிரண்ட நாயோ மண்ணைத் தோண்டும், கதவிடுக்கில் பாயும். தவிர, பல நாய்கள் ஒரே தாவலில் கடப்பதில்லை. முன்னங்கால்களால் விளிம்பைப் பற்றி, பின்னங்கால்களால் உந்தி ஏறுகின்றன. விளிம்பில் உருளும் குழாயைப் பொருத்தினால் அந்தப் பிடி நழுவும். ஆண் நாய்க்குக் கருத்தடை செய்தால் அலைச்சல் பெரும்பாலும் குறையும். திரும்பி வந்த நாயை அடிப்பது கொடுமை, பயனற்றதும்கூட: வீடு திரும்பியதற்கே அடி என்று அது கற்றுக்கொள்ளும். இடி முழங்கும்போது ஜன்னலை மூடி, உள்ளறையில் அதன் பக்கத்தில் இருங்கள்.